எட்டு வயதில் பெரியபிள்ளை

நாரந்தனையில் ஒரு பிள்ளை சாமத்தியப்பட்டால் அது அந்த வீட்டோட நிற்கிற செய்தி இல்லை. தாய்மாமன் தேங்காய் உடைக்க வரவேணும். பால் அறுகு வைத்துத் தலைக்குத் தண்ணி வார்க்கவேணும். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தங்களி எல்லாம் வரிசையாக வரும். பிறகு மண்டபம், வீடியோ, கனடாவில இருந்து வாற சித்தி. அன்றிலிருந்து அவள் 'பெரியபிள்ளை'. பதின்மூன்று வயதுக்கு அந்தச் சொல் பொருந்தும் என்றே வைப்பம். எட்டு வயதுக்கு?

எட்டு வயதுக்கு முன்னமே ஒரு பெண்பிள்ளைக்கு மார்பு வளரத் தொடங்கினால் மருத்துவம் அதை முன்கூட்டிய பூப்பு என்கிறது. "எங்கட காலத்தில பதினைஞ்சு, பதினாறிலதான்" என்று ஊரில் ஒரு அம்மம்மா எங்களுக்குச் சொன்னா. அவ கூட்டிச் சொல்லவில்லை. நோர்வேயில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் முதல் மாதவிடாயின் சராசரி வயது ஏறத்தாழ 17. அடுத்த நூறு வருடங்களில் அது 13 அளவுக்கு இறங்கிவிட்டது. சாப்பாடு திருந்தியது, நோய் குறைந்தது. ஆனால் எட்டுக்கு முன் வருவதை இந்தக் கணக்கில் மட்டும் அடைக்கேலாது. எந்தக் காலத்திலும் சில பிள்ளைகளுக்கு அப்படி வந்திருக்கு. பெண்பிள்ளைகளில் பெரும்பாலும் காரணமே பிடிபடாது. அரிதாக மூளையில் கட்டி இருக்கலாம் என்பதால் ஸ்கான் எடுப்பினம்.

உடம்பு முந்திவிட்டால் பிள்ளையும் முந்திவிட்டாள் என்று நினைப்பது எங்கட ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. அதுக்கு ஒரு கொடூரமான சாட்சி கல்கத்தாவில் இருக்கு. புல்மணி தாசிக்கு வயது 11 அளவுதான். கணவனின் பலாத்காரத்தால் இறந்துபோனாள். 1890இல் வழக்கு நடந்தபோது சட்டத்தின் வயது எல்லை 10. அதனால் பாலியல் வன்முறைக் குற்றத்தில் அவனைத் தண்டிக்க முடியவில்லை. கிடைத்தது ஒரு வருடக் கடூழியச் சிறை. 1891இல் எல்லையை 12 ஆக உயர்த்தியபோது எதிர்த்தவர்கள் சொன்னது என்ன? பெண் பூப்படைந்ததும் நடக்கவேண்டிய கர்ப்பாதானச் சடங்கை இந்தச் சட்டம் தடுக்கும் என்று. அதாவது 12க்கு முன் பூப்படைகிற பிள்ளையை வைத்துத்தான் அந்தச் சண்டையே. அவளைப் பிள்ளை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை.

டொக்டர்மார் மட்டும் திறமோ என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஜோன் மணியும் இன்னொருவரும் முன்கூட்டிப் பூப்படைந்த 15 பெண்களின் உளநிலை பற்றி 1971இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 'கண்டபடி உறவு கொள்ளாமை' என்று பொருள்படும் சொல் அதன் தலைப்பிலேயே இருக்கு. அவையள் கெட்டுப்போகவில்லையாம். பள்ளிக்கூடத்தில் தனியே நின்றாளா, குளிக்கும்போது தன் உடம்பைப் பார்க்கப் பயந்தாளா என்ற கேள்வியில் தொடங்கியிருக்கலாமே. (இதை வாசித்த அன்று எங்கட கூட்டத்தில் பெடியன்கள் ஒருத்தனும் வாய் திறக்கேல்லை.)

அதே காலத்தில்தான் மருந்துக்கான வழியும் திறந்தது. பூப்பைத் தொடக்கிவைக்கிற மூளை ஹோர்மோனின் அமைப்பை ஷாலி, கியுமன் ஆகியோரின் குழுக்கள் 1971 அளவில் கண்டுபிடித்தன. இருவரும் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த வருடம் நோபில் என்பவரின் குழு குரங்குகளில் ஒரு வேடிக்கையைக் காட்டியது. அந்த ஹோர்மோனை மணிக்கு ஒருக்கா விட்டுவிட்டுக் கொடுத்தால் உடம்பு வேலை செய்யுது. நிறுத்தாமல் கொடுத்தால் அடங்கிப்போகுது. இதை வைத்துத்தான் 1981இல் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை கொடுத்த முதல் அறிக்கைகள் வந்தன. இப்போது பெரும்பாலும் 28 நாளைக்கு ஒரு ஊசி, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. எலும்பு அவசரமாக முற்றி உயரம் நின்றுவிடாமல் காப்பதுதான் முதல் நோக்கம். அதுக்காகக் கை எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்ப்பினம்.

மனசு என்னவாகுது? ஊசி போட்ட 15 பிள்ளைகளையும் அதே வயதில் போடாத 15 பேரையும் ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அறிவுத்திறனிலும் நடத்தையிலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். உணர்ச்சி சார்ந்த ஒரு சோதனையில் மட்டும் ஊசி போட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாக அசைந்திருக்கினம். முப்பது பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்லேலாது, என்றாலும் ஆறுதலான செய்திதான். இருந்தாலும் 'மனவலிமை' என்று எழுதும்போது எங்களுக்கு ஒரு கூச்சம் வருது. பிள்ளை தாங்கினாள் என்று புகழ்ந்துவிட்டு, அவளின் தலையில் ஏற்றிவைத்த பாரத்தைப் பேசாமல் விடுகிறோம்.

பாரம் என்பது ஊசி மட்டும் இல்லை. நாரந்தனையில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டிப் பட்டினத்துக்கு பஸ்ஸில் போகும்போது "எங்கை பிள்ளையோட?" என்று கேட்கிறவைக்கு ஒரு பொய் வேணும். பல்லுக் காட்டப் போறம் என்று தாய் சொன்னால், எட்டு வயதுப் பிள்ளை அதைத் தானும் பாடமாக்கவேணும். தன் உடம்பு மறைக்கவேண்டியது என்று அவள் அந்த பஸ்ஸிலதான் படிக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கு. சிலருக்கு ஊசி தொடங்க முன்னமே இரத்தம் பட்டிருக்கும். பதினொரு வயது அளவில் ஊசியை நிறுத்தினால், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் மாதவிடாய் திரும்ப வரும். எட்டு வயதில் தண்ணி வார்த்துப் பெரியபிள்ளையாக்கியவளை இடையில் என்ன சொல்லிக் கூப்பிடுறது? மண்டபம் எந்த முறைக்கு? நாங்கள் அந்த அம்மம்மாவிடம் கேட்டோம். அவ கனநேரம் யோசிச்சா. "பிள்ளையிட்டைக் கேட்டனீங்களே?" என்றா.