வேலியில்லாத ஆடுதளம்

நியூயார்க் மாநகரின் ஹார்லெம் பகுதியில், லெனாக்ஸ் சாலையில், 1926ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் சவாய் நடனக்கூடம் திறக்கப்பட்டது. 140ஆம் தெருவுக்கும் 141ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட நீளம் முழுவதையும் அது நிறைத்து நின்றது. உள்ளே இரண்டு இசைமேடைகள். ஒரு குழுவினர் ஓய்ந்தால் மறு குழுவினர் தொடங்குவர். இசை இடையறாது ஒலிக்கும்.

அன்றைய சூழலை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே சாலையில் காட்டன் கிளப் இருந்தது. அங்கே மேடையேறிப் பாடியோரும் ஆடியோரும் கறுப்பினத்தார்; அமர்ந்து சுவைத்தோரோ வெள்ளையர். கலை வேண்டும், கலைஞனின் இனத்தார் அருகே அமர வேண்டா என்பதே இதன் பொருள். சவாயில் இவ்வேலி இல்லை. இரு இனத்தாரும் ஒரே தளத்தில் ஆடினர். வந்தவரின் நிறத்தை அங்கு எவரும் பார்க்கவில்லை, ஆடத் தெரியுமா என்றே பார்த்தனர் என்று நடனக் கலைஞர் பிராங்கி மானிங் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். லிண்டி ஹாப் என்னும் நடனம் அத்தளத்தில்தான் செழித்தது. முதுகெலும்புக் காசநோயால் உடல் குறுகிய தாளக்கலைஞர் சிக் வெப், 1937 மே 11 அன்று பென்னி குட்மனின் புகழ்மிக்க குழுவை இசைப்போட்டியில் எதிர்கொண்டு, கூடியிருந்தோரின் பாராட்டை வென்றதும் அங்கேதான்.

1943 ஏப்ரலில், ஒழுக்கக்கேடு நிகழ்கிறதெனக் காரணங்காட்டிக் கூடத்தை மூடினர். இரு இனத்தாரும் கைகோத்து ஆடியதே அதிகாரத்தாரை உறுத்தியது என ஹார்லெம் மக்கள் பலர் கருதினர். அக்டோபரில் அது மீண்டும் திறந்தது. ஒழுக்கத்தின் பெயரால் பேசும் பொறுப்புடைய நாம் இதனை மறத்தலாகாது. நாம் காக்க முனைவது அறத்தையா, பழகிப்போன பிரிவினையையா என்று ஒவ்வொரு முறையும் நம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

1958இல் சவாய் நிலையாக மூடப்பட்டது. குடியிருப்புகள் எழுப்புவதற்காகப் பின்னர் இடிக்கப்பட்டது. வீடு வேண்டாவென்று எவர் சொல்வார்? கூரையில்லார்க்குக் கூரையே முதல் தேவை. எனினும், மனிதர் தத்தம் கதவுக்குள் வாழ்வது மட்டுமே வாழ்வாகாது. முன்பின் அறியாதவரை இணையாக ஏற்றுக் கைகொடுக்கப் பொது இடமும் வேண்டும். அத்தகைய இடத்தை அகற்றுவோர் நிலத்தை மட்டும் அளக்கின்றனர். அங்கே ஒன்றுகூடியவர்கள் இனி எங்கே சந்திப்பர் என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை.

2002ஆம் ஆண்டு அவ்விடத்தில் ஒரு நினைவுப்பலகை திறக்கப்பட்டது. அங்கு ஆடிய மானிங்கும் நார்மா மில்லரும் முதுமையில் அதனைக் காண வந்திருந்தனர். தளம் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அதில் பிறந்த நடனத்தையோ பல நாட்டு இளைஞர்கள் அவர்களிடமே கற்றுக்கொண்டிருந்தனர்.