என்புப் புற்றுநோயும் எழுமாற்றுப் பரிசோதனையும்

1970ஆம் ஆண்டுக்கு முன்னர், ஒஸ்ரியோசார்க்கோமா எனும் என்புப் புற்றுநோய்க்கு மருத்துவம் கண்ட வழி பெரும்பாலும் ஒன்றே. அஃது அவயவத்தை அகற்றுதல். வளரிளம் பருவத்தினரையே மிகுதியும் பற்றும் இந்நோயில், கால் அகற்றப்பட்ட பின்னரும் ஐவரில் நால்வர் வரை நுரையீரலில் நோய் பரவி இறந்தனர். சத்திரசிகிச்சைக்கு முன்னரே, கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கலங்கள் அங்குச் சென்றடைந்திருந்தன.

1972இல் இரு மருந்துகள் நம்பிக்கை தந்தன. ஒன்று, இத்தாலிய மண்ணிற் கிடைத்த நுண்ணங்கியொன்றின் விகாரப்பட்ட வகையிலிருந்து பெறப்பட்டு, ஏட்றியாற்றிக் கடலின் பெயரைத் தாங்கிய அட்றியாமைசின். மற்றையது மெதொற்றெக்சேற்று. போலிக் அமிலத்தின் தொழிலைத் தடுத்துக் கலப்பிரிவை நிறுத்தும் இம்மருந்தைப் பொஸ்ரன் நகரில் நோமன் ஜஃபே உயிரைப் போக்கக்கூடிய அளவிற் செலுத்தி, பின்னர் லியூக்கோவொரின் கொடுத்து நோயாளரை மீட்டார். நஞ்சையும் அதன் மாற்றையும் அடுத்தடுத்துக் கொடுக்கும் இத்துணிவு வியப்புக்குரியதே. நோய் முற்றியோர் சிலரிற் கட்டிகள் சுருங்கின.

அவ்வாறாயின், சத்திரசிகிச்சையை அடுத்தே இம்மருந்துகளைக் கொடுத்தால் நோய் மீளாதன்றோ? கொடுத்துப் பார்த்தனர், பெறுபேறுகள் நன்றாகவே தோன்றின. ஆயின் அவை ஒப்பிடப்பட்டது, முன்னைய ஆண்டுகளில் மருந்தின்றி இறந்தோருடன். இங்கேதான் மாயோ கிளினிக் வைத்தியர்கள் ஐயம் எழுப்பினர். அவர்களது நிலையத்தில் மருந்து பெறாதோரும் முன்னையிலும் கூடுதலாகப் பிழைத்திருந்தனர். 38 பேரைக் கொண்டு அவர்கள் நடத்தி 1984இல் வெளியிட்ட எழுமாற்று ஆய்வில், மெதொற்றெக்சேற்றினாற் பயன் காணப்படவில்லை.

ஐயம் தீர வேண்டுமெனின், ஒரு பகுதியினருக்கு மருந்து கொடாதிருத்தல் வேண்டும். காலை இழந்த சிறுவனின் பெற்றோரிடம் இதனை எங்ஙனம் கேட்பது? கொடாமையே கொடுமை என்றனர் ஒருசாரார். இதயத்தைப் பழுதாக்கவல்ல மருந்தைப் பயன் நிறுவப்படாமலே எல்லார்க்கும் கொடுத்தல் தகாது என்றனர் மறுசாரார். அன்றைய சான்றுகளை நோக்கின், பின்னையோர் கூற்றே வலியது.

1982இல் அமெரிக்க நிலையங்கள் பல கூடிப் புதிய ஆய்வொன்றைத் தொடங்கின. மருந்துகள் பல சேர்த்துக் கொடுக்கப்பட்டன. எழுமாற்றுத் தெரிவுக்கு இசைந்தோர் 36 பேரே. 77 பேர் அதனை மறுத்துத் தம் வழியைத் தாமே தெரிந்துகொண்டனர். 1986இல் மைக்கல் லிங்கும் பிறரும் முடிவை வெளியிட்டனர். ஈராண்டின் பின் நோய் மீளாதிருந்தோர், மருந்து பெற்றோருள் 66 சதவீதத்தினர். பெறாதோருள் 17 சதவீதத்தினர். தெரிவுக்கு இசையாத 77 பேரிடத்தும் இத்தகைய வேறுபாடே காணப்பட்டது. மருந்து பெறாதோரின் எண்ணோ, 1970க்கு முந்திய பழைய எண்ணின் அண்மையிலேயே நின்றது.