வூலர் ஏரி: படகுத்துறை ஊர்களும் ஒரு பழைய இஞ்சினியரும்

காஷ்மீருக்கு டூர் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் டால் ஏரியில் ஒரு மணி நேரம் ஷிகாராவில் உட்கார்ந்து, போட்டோ எடுத்து, குங்குமப்பூ வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஸ்ரீநகரைத் தாண்டி வடமேற்கே ஜீலம் நதி போய் விழும் வூலர் ஏரி, டாலைவிடப் பல மடங்கு பெரியது. அங்கே போகிறவர்கள் குறைவு. ஆனால் காஷ்மீரின் சரித்திரத்தில் பாதி அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

ரோடு வருவதற்கு முன்பு அந்த ஊரின் நெடுஞ்சாலையே தண்ணீர்தான். சமவெளியிலிருந்து வரும் வண்டிப்பாதை 1890இல் பாராமுல்லா வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் ஸ்ரீநகர் போக டூங்கா என்கிற படகு. அடிப்பாகம் தட்டை, மேலே பாய்க்கூரை. ஹாஞ்சி என்கிற படகுக்காரர்கள் குடும்பத்தோடு அதிலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி வாழ்ந்தார்கள். ஆற்றை எதிர்த்துப் போகும்போது கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். சோபோர், சும்பல், ஷாதிபூர் என்று ஊர் ஊராகப் பயணம். 1897இல் ரோடு ஸ்ரீநகரை எட்டியதும் பயணிகள் வண்டிக்கு மாறினார்கள். நெல்லும் விறகும் அதற்குப் பிறகும் பல காலம் படகில்தான் போயின.

ஏரியின் வடகரையில் பந்திபோரா. 1890களில் கில்கிட்டில் இருந்த படைக்கான சரக்கெல்லாம் படகில் இங்கே வந்து இறங்கி, மட்டக்குதிரைகள் மேல் ஏறி மலைக் கணவாய்களைக் கடக்கும். 1947-48 போரோடு அந்த வழி அடைபட்டது. பந்திபோராவின் துறைமுக மவுசும் அதோடு போயிற்று.

ஏரி சாதுவானதும் இல்லை. மதியத்துக்கு மேல் மலையிலிருந்து காற்று இறங்கினால் கடல் மாதிரி கொந்தளிக்கும். தட்டைப் படகுகள் தாங்காது. அதனால்தான் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் 1443-44 வாக்கில் ஏரிக்குள்ளேயே ஜைன லங்க் என்று ஒரு தீவை எழுப்பினார். புயலில் மாட்டிக்கொள்கிற படகுகள் ஒதுங்குவதற்காக. அந்தப் பயம் பழங்கதை இல்லை. 2006 மே மாதம் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள்.

இனி இஞ்சினியர் கதைக்கு வருகிறேன். சோபோரின் பழைய பெயர் சுய்யபுரம். 9ஆம் நூற்றாண்டில் அவந்திவர்மன் ஆட்சியில் இருந்த சுய்யன் என்பவரின் பெயர் அது. 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் எழுதிய ராஜதரங்கிணி இவர் கதையைச் சொல்கிறது. யாரோ தெருவில் விட்டுப்போன குழந்தையாம். சண்டாளப் பெண் ஒருத்தி எடுத்து வளர்த்தாளாம். "வெள்ளத்தை நிறுத்த எனக்குத் தெரியும், கையில் காசில்லை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவரை ராஜா கூப்பிட்டுக் காசு கொடுத்தார்.

சுய்யன் அந்தக் காசைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டினார்! பாராமுல்லாவுக்குக் கீழே, மலையிலிருந்து சரிந்த பாறைகள் ஆற்றை அடைத்திருந்த இடம். பஞ்சத்தில் கிடந்த ஜனங்கள் காசைத் தேடித் தண்ணீரில் குதித்துக் கல்லையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டார்கள். வெள்ளம் வடிந்தது. பிறகு ஏழு நாள் ஆற்றை அணை கட்டி நிறுத்தி அடிமட்டத்தைச் சுத்தம் செய்தார், கரைகளைப் பலப்படுத்தினார், வாய்க்கால்கள் வெட்டினார். ஒரு காரி அரிசி 200 தின்னாரத்திலிருந்து 36க்கு இறங்கியது என்கிறார் கல்ஹணர். கதையில் மிகை இருக்கலாம். ஆனால் வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தே காலம் ஓட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல 'ப்ராஜெக்ட் ரிப்போர்ட்' கிடைக்காது. பசித்தவனுக்குக் கூலியும் ஆச்சு, ஆறும் சுத்தமாச்சு, விலையும் இறங்கியாச்சு.

சுய்யனுக்குத் தெரிந்த சூட்சுமம் இதுதான். வூலர் ஒரு சேமிப்புக் கணக்கு. வெள்ளக் காலத்தில் வாங்கி வைத்து, பிறகு மெதுவாக விட வேண்டும். வெளியேறும் வாய் அடைபட்டாலும் ஆபத்து, வாங்கி வைக்க இடம் குறைந்தாலும் ஆபத்து.

20ஆம் நூற்றாண்டில் இதை மறந்தோம். விறகுக்காக ஏரிக்குள் வில்லோ மரங்களை லட்சக்கணக்கில் நட்டார்கள். மரங்கள் வண்டலைப் பிடித்து வைத்தன. வயல்களும் உள்ளே நகர்ந்தன. 1911இல் சுமார் 158 சதுர கிலோமீட்டராக இருந்த நீர்ப்பரப்பு 2007இல் 87க்கு வந்துவிட்டது. 2014 செப்டம்பரில் ஸ்ரீநகர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்ததற்குப் பல காரணங்கள். அவற்றில் இந்தச் சுருக்கமும் ஒன்று.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சமீப வருடங்களில் மரங்களை வெட்டித் தூர் வாருகிறார்கள். 1992 வெள்ளத்தில் அழிந்துபோன தாமரை, சுமார் 30 வருடம் கழித்து மறுபடி பூத்திருக்கிறது. அங்கே தாமரைத்தண்டு பூஜைக்கு அல்ல, குழம்புக்கு. கரையோரக் குடும்பங்களுக்கு அது வருமானம். அடுத்த முறை காஷ்மீர் போனால் ஒரு நாளை வூலருக்கு ஒதுக்குங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மட்டும் படகில் ஏற்றாதீர்கள். சோபோரைத் தாண்டும்போது, அந்த ஊரின் பெயர் ஒரு ராஜாவுடையது இல்லை, தூர் வாரினவருடையது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.