நரம்பியற் பன்மை: ஒரு கருத்தின் கூட்டுப் பிறப்பு

கருத்துக்களின் வரலாற்றை எழுதுவோர் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு தந்தையையோ தாயையோ தேடிக் கொடுப்பது வழக்கம். ‘நரம்பியற் பன்மை’ என்னும் கருத்துக்கும் இதுவே நேர்ந்தது. மனித மூளைகள் பலவாறு அமைந்துள்ளன. எனவே ஓட்டிசம் முதலான நிலைமைகளைக் குறைபாடுகளாக மட்டும் நோக்குதல் தகாது என்பதே இக்கருத்தின் சாரமாகும். ஜூடி சிங்கர் என்பார் 1998இல் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டிலேயே இது தோன்றியதென நெடுங்காலம் கூறப்பட்டது. அக்கூற்றை மீள நோக்குவதும், இக்கருத்தை ஈன்ற தொடர்பாடற் சூழலை விளக்குவதுமே எமது நோக்கமாகும்.

1943இல் லியோ கனர் தாம் அவதானித்த 11 பிள்ளைகள் பற்றி எழுதிய கட்டுரையுடன் ஓட்டிசம் மருத்துவ உலகின் கவனத்தைப் பெற்றது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஓட்டிச நிலையினரைப் பற்றி மருத்துவர் பேசினர், பெற்றோர் பேசினர். அந்நிலையினரோ பேசப்படும் பொருளாகவே இருந்தனர். கண்ணை நோக்கிப் பேசுதல், முகக்குறிப்பை உணர்தல், உடனுக்குடன் விடையிறுத்தல் என்பனவே தொடர்பாடற்றிறனின் அளவுகோல்களாகக் கொள்ளப்பட்டன. நேர்முகப் பேச்சு என்னும் ஒரு வடிவமே தொடர்பாடல் முழுவதுமாகக் கருதப்பட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இந்நிலை 1990களில் மாறத் தொடங்கியது. 1992இல் ஜிம் சின்கிளயர் முதலானோர் ‘ஓட்டிச வலையமைப்புச் சர்வதேசம்’ என்னும் அமைப்பை நிறுவினர். ஓட்டிச நிலையினர் தாமே நடத்திய அமைப்பு அது. தம் பிள்ளைகளின் நிலையை எண்ணித் துக்கம் அனுட்டிக்க வேண்டாமெனப் பெற்றோரை நோக்கிச் சின்கிளயர் 1993இல் ரொறன்ரோ மாநாட்டில் ஆற்றிய உரை, அவ்வியக்கத்தின் முதற் பிரகடனம் போன்றதெனலாம். 1994இல் அவ்வமைப்பு தனக்கெனவொரு மின்னஞ்சற் குழுவை ஆரம்பித்தது. 1996இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மாட்டைன் டெக்கர் மற்றொரு குழுவைத் தொடங்கினார். ஓட்டிச நிலையினரோடு, அவர்க்கு அண்மித்த பிற நரம்பியல் நிலைமைகளை உடையோரும் அதில் இடம்பெற்றனர்.

இச்சாதனம் இவர்க்கு ஏன் உகந்ததாயிற்று? மின்னஞ்சலில் முகம் இல்லை. குரலின் ஏற்ற இறக்கம் இல்லை. வந்த மடலை ஆறுதலாக வாசித்து, சிந்தித்து, விரும்பிய வேளையில் விடை எழுதலாம். தனக்கு ஆர்வமுள்ள விடயத்தை விரிவாகவும் நேரடியாகவும் எழுதுவது அங்கு பண்புக்கேடாகக் கருதப்படவில்லை. உடலளவில் தொலைவில் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். தத்தம் தனிப்பட்ட குறையெனக் கருதியது பலருக்கும் பொதுவான அனுபவம் என்பதை உணர்ந்தனர். தனியாள் துயரம் சமூகப் பிரச்சினையாக மாற்றம் பெற்ற இடம் இதுவேயாகும்.

டெக்கரின் குழுவில் மனிதரின் நரம்பியற் பல்வகைமை பற்றி 1996இலேயே எழுதப்பட்டுவிட்டது. அக்குழுவை அறிந்திருந்த எழுத்தாளர் ஹார்வி புளூம் 1997இல் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ இதழில் இப்புதிய தொடர்பாடலைப் பற்றி எழுதினார்; 1998 செப்ரெம்பரில் ‘அற்லாண்டிக்’ இதழில் நரம்பியற் பன்மை என்னும் சொல்லையே தலைப்பாக்கினார். சிங்கரும் அதே குழுவில் பங்குகொண்டவரே. இக்கருத்து கூட்டாகவே உருவானதென 2024இல் ஆய்வாளர் பலர் இணைந்து ‘ஓட்டிசம்’ என்னும் ஆய்விதழில் நிறுவினர். சிங்கரின் பங்களிப்பை மறுப்பதன்று இது. பெயர் அறியப்படாத பலரின் உழைப்பை வரலாற்றில் உரிய இடத்தில் வைப்பதாகும்.

எனினும் இணையத்தை விடுதலையின் கருவியென மிகைப்படுத்தலும் தவறு. அன்று கணினியும் தொலைபேசி இணைப்பும் ஆங்கில அறிவும் பெற்றிருந்தோரே அதில் பங்குகொள்ள முடிந்தது. எழுத்து வசப்படாதோர் புறத்தே நின்றனர். வாசிப்பில் இடர்ப்படுவோர்க்கு நீண்ட மடல்களே தடையாகும். பின்னர் காணொளி உரையாடல் பரவியபோது, முகமும் உடனடி விடையும் இணையத்திற்குள் மீண்டும் நுழைந்தன. கருவியின் அமைப்பு மாறும்போது, அதனால் தடையுறுவோரும் மாறுகின்றனர்.

ஓட்டிச நிலையினரான டேமியன் மில்ற்றன் 2012இல் ‘இருதலைப் பரிவுணர்வுச் சிக்கல்’ என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். புரியாமை இருதரப்பிலும் உள்ளது என்பதே அதன் பொருள். எடின்பரோ ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஒரு செய்தியை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கடத்துவதில் ஓட்டிச நிலையினர் தமக்குள் ஏனையோருக்குச் சமமான திறனுடையர் எனக் காட்டியது. இருவகையினரும் கலந்த குழுவிலேயே செய்தி அதிகம் சிதைந்தது. 2025இல் வெளியான விரிவான ஆய்வில் கலந்த குழுவிலும் அவ்வேறுபாடு காணப்படவில்லை. கலப்புக் குழு பற்றிய முடிவுகள் வேறுபடினும், ஓட்டிச நிலையினர் தொடர்பாடற்றிறன் அற்றோர் என்ற பழைய தீர்ப்பை இரண்டுமே ஆதரிக்கவில்லை.

இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? ஊமையரெனக் கருதப்பட்டோர் ஊமையராய் இருந்திலர். அவர்க்கு ஏற்ற சாதனமும் செவிகொடுப்போருமே இல்லாதிருந்தனர். ஆகவே, ஒருவரின் திறனை அளக்குமுன், நாம் கையிலேந்தியுள்ள அளவுகோல் யாருடையது என வினவுதல் எமது கடமையாகும்.