ஆசையும் அழைப்பும்

அமெரிக்காவில் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகருக்கு அணித்தாய்க் கிறீன் ஹில் என்னும் பண்ணை ஒன்று இருந்தது. அக்குடும்பத்தில் இரண்டாண்டு இடைவெளியிற் பிறந்த சகோதரர் இருவர், அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீனும் சாமுவேல் பிஸ்க் கிறீனும் ஆவர். மூத்தவர் பிறந்தது 1820 இல். இளையவர் பிறந்தது 1822 இல். மூத்தவர் நியூயோர்க் நகரிலே வழக்கறிஞராகி, அந்நகரின் புகழ்பெற்ற நடுப் பூங்காவை உருவாக்கிய ஆணையாளருள் முதன்மை பெற்றார். பிரிந்து கிடந்த ஊர்களையெல்லாம் இணைத்து ஒரே மாநகராக்குதல் வேண்டுமென்று 1868 இல் அவர் வெளியிட்ட கருத்து முப்பது ஆண்டுகளின் பின் 1898 இல் நிறைவேறிற்று. இளையவரோ யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே ஒரு வைத்தியசாலையில் இருந்து, பொருத்தமான தமிழ்ச் சொல் கிடையாத ஆங்கிலச் சொற்களோடு இரவும் பகலும் போராடிக்கொண்டிருந்தார்.

இவ்விருவருள் பெருநோக்கு உடையவர் யார் என வினாவினால் எவரும் மூத்தவரையே சுட்டுவர். இளையவரைத் தியாகி என்பர். தம் ஆசைகளைத் துறந்தவர் என்பர். மிஷனரிமாரின் சரிதங்கள் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளன. ஆனால் வைத்தியர் கிறீனின் வாழ்க்கையை ஊன்றி நோக்குவோர்க்கு அவர் ஆசையைத் துறந்தவராகத் தோன்றமாட்டார். அவரிடத்தில் ஓர் ஆசை இருந்தது. அது மூத்தவரின் ஆசையினும் சிறியதென்று சொல்லுதற்கில்லை.

கிறிஸ்தவ மார்க்கத்திலே ஒருவன் தனக்கென ஒரு நோக்கத்தை வளர்த்தல் எக்காலமும் ஐயத்துக்குரிய பொருளாகவே இருந்து வந்துள்ளது. தன்னை வெறுத்துச் சிலுவையைச் சுமக்க வேண்டும் என்பது ஒருபுறம். பெற்ற தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்தவனைக் கண்டிக்கும் உவமை மறுபுறம். அமெரிக்காவின் கீழ்க்கரையில் வாழ்ந்த சீர்திருத்தச் சபையார் இவ்விரண்டையும் 'அழைப்பு' என்னும் ஒரு சொல்லால் இணைக்க முயன்றனர். உள்ளத்தில் எழும் விருப்பமும் கையில் உள்ள திறமையும் இறைவன் அழைக்கும் வழிகளாக இருத்தல் கூடும் என்பது அவர் கொள்கை. விருப்பம் எங்கே முடிகிறது, அழைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை எவர் அளந்து சொல்வார்? கிறீனின் சரித்திரத்திற் சுவை பயப்பது இவ்வினாவே.

இத்துறையில் அவருக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். நியூயோர்க்கில் வருவாய் மிக்க வைத்தியத் தொழில் நடத்திவந்த ஜோன் ஸ்கடர் என்பவர், நோயாளி ஒருவரைக் காணச் சென்ற வீட்டிலே உலகத்தாரின் மனமாற்றம் பற்றிய துண்டு நூல் ஒன்றைக் கண்டு வாசித்தார். தொழிலை விட்டு 1819 இல் இலங்கைக்குக் கப்பலேறினார். பண்டத்தரிப்பிலே பணி செய்து பின்னர் சென்னைக்கு மாறிச் சென்றார். அவர் சென்ற வழியிலே, 1845 இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்ற கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவரை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கத்தார் வைத்தியத்தைப் பெரிதாகக் கொண்டவரல்லர். தொலைதேசத்திற் காய்ச்சலாலும் பேதியாலும் மிஷனரிக் குடும்பங்கள் மடிந்துபோகாது காத்தலே வைத்தியனின் முதற் கடமை. மக்களுக்குச் செய்யும் சிகிச்சை போதனைக்குத் துணை. சங்கத்தின் செயலாளராய் நீண்டகாலம் விளங்கிய றூபஸ் அன்டர்சன் இந்நிலையிற் பெரிதும் உறுதியுடையவர். ஒரு வைத்தியர் தாமே ஒரு கல்லூரி நிறுவுதலோ, நூல்கள் பெயர்த்தலோ அவர் வகுத்த திட்டத்தில் இடம்பெறவில்லை. கிறீன் வந்த மறு ஆண்டிலேயே மாணாக்கர் சிலரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். எவரும் கேளாத வேலை அது.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் அவர் மனம் விரைவிலே வேறிடத்திற் சென்று நின்றது. மேலைநாட்டு வைத்தியம் முழுவதையும் தமிழில் வைத்தல் வேண்டும் என்பதே அவரைப் பற்றிக்கொண்ட ஆசை. கால்வின் கட்டரின் உடல்நூலைப் பெயர்த்து 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' எனப் பெயரிட்டார். இக்காலத்தார் இப்பெயரைக் கேட்டுப் புன்னகை செய்தல் கூடும். உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் என்னும் மூன்றையுமே அது குறிக்கின்றது. கேசாதிபாதம் என்னும் பிரபந்த வகையை அறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு அங்காதிபாதம் என்னும் சொல் அந்நியமாய்த் தோன்றியிராது. 'பிரசவ வைத்தியம்' 1857 இலும், 'இரண வைத்தியம்' 1867 இலும் வெளிவந்தன. கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' எனவும், 'வைத்தியாகரம்' என்னும் பெருநூலும் 1872 இல் வந்தன. 'கெமிஸ்தம்' 1875 இல் வந்தது.

சொல்லாக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். முதலிலே தமிழில் வழங்கும் சொல் உண்டா எனத் தேடுவார். இல்லையெனின் வடமொழியை நாடுவார். அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசையத் திருத்தி எடுத்துக்கொள்வார். கெமிஸ்தம் என்பது அவ்வாறு பிறந்தது. இவ்வேலை ஒருவர் தனித்துச் செய்ததன்று. சாப்மன், டான்போர்த் முதலிய அவருடைய மாணாக்கர் பெயர்ப்பிலே பெரும் பங்கு கொண்டனர். அவர்களின் பெயர்கள் ஆசிரியரின் பெயர் நிழலில் மறைந்துபோயின; இது வருந்தத்தக்கது. அச்சேறிய பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டன.

கிறீன் பிறந்த அதே 1822 இல் நல்லூரிற் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மார்க்கத்தில் இருவரும் இரு துருவங்கள். எனினும் தமிழ் உரைநடை கற்போர்க்குப் பயன்படும் கருவியாதல் வேண்டும் என்பதில் இருவர் உழைப்பும் ஒரே காலத்தில் ஒரே குடாநாட்டில் நிகழ்ந்தது.

இனி, இந்த ஆசையின் மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். கிறீன் 1857 இல் தாயகம் சென்று, மணம் முடித்து, 1862 இல் மீண்டார். 1864 முதல் வைத்திய வகுப்பைத் தமிழிலேயே நடத்தினார். அதற்கு அவர் கூறிய காரணம் வெளிப்படையானது. ஆங்கிலத்திற் கற்றவன் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுப் போய்விடுவான். தமிழிற் கற்றவன் தன் கிராமத்திலேயே தங்கித் தன் சனங்களுக்கு வைத்தியம் செய்வான். கேட்பதற்கு இது நியாயமே. ஆனால் அக்காலத்து யாழ்ப்பாண இளைஞனின் நிலையிலிருந்து நோக்குக. ஆங்கிலமே உயர்வுக்கு ஏணி. தந்தை நிலத்தை ஈடுவைத்துப் படிப்பித்ததும் அதற்காகவே. 1855 இல் அன்டர்சனின் வருகையை அடுத்து வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டபோது கிறிஸ்தவக் குடும்பங்கள் அடைந்த மனக்கசப்பு எளிதில் ஆறவில்லை. தம் முயற்சியால் அவர்கள் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரியை நிறுவி ஆங்கிலக் கல்வியை மீட்டனர். மனுஷ அங்காதிபாதம் தமிழில் வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான்!

ஆசிரியர் தம் கனவைப் பின்பற்றினார். அக்கனவோ மாணாக்கர் தம் கனவைச் சுருக்கிக்கொள்ளும்படி கேட்டது. ஊழியம் என்னும் பெயரால் ஒருவரின் நோக்கம் மற்றொருவரின் நோக்கத்துக்கு அணையிடலாகுமா? கிறீன் இவ்வினாவைத் தமக்குள் கேட்டிருந்தாலும் இல்லாவிடினும், அவருடைய மாணாக்கர் அதை உணர்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870 இல் ஆங்கிலத்திலே தொடங்கியதும் அரசாங்க சேவைக்குரிய வழி அதுவாயிற்று. கிறீனிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருள் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிற் கற்றவர். அவர் போன பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுநாள் நிலைக்கவில்லை.

ஆயினும் ஒன்றை மறுத்தலாகாது. தம் ஆசைக்குத் தமக்கே அவர் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. மதம் மாறியோர் உணவிலும் உடையிலும் நடையிலும் மேலைநாட்டாரைப் பின்பற்றுவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவனாதற்குத் தமிழனாயிருத்தல் தடையன்று என்பது அவர் கருத்து. இவ்வகையில் அவர் தம் தோழர் பலரினும் முன்னே நின்றார். மற்றவரைத் தம் சாயலாக ஆக்காமல், தம் வித்தையை மற்றவர் மொழிக்குள் கொண்டு சென்று ஒப்படைக்க முயன்றதில் அவருடைய விசுவாசத்தின் பங்கு பெரிது. வெறும் புகழாசைக்கு இத்தகைய முயற்சி இலாபமற்றது.

உடல்நலங் குன்றி 1873 இல் அவர் வூஸ்டருக்குத் திரும்பினார். அங்கே ஓய்ந்திருக்கவில்லை. கடல் கடந்து வந்த தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளை, தமிழ் பேசுவார் எவருமில்லாத அவ்வூரிலே திருத்திக்கொண்டிருந்தார். டால்டனின் உடற்றொழில் நூல் 'மனுஷ சுகரணம்' என 1883 இல் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலே, 1884 இல், அவர் காலமானார்.

தம் கல்லறைக்குக் கல் நாட்டுவதானால் அது எளியதாய் இருக்கட்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தார். பொறிக்க வேண்டியவற்றையும் குறித்திருந்தார். பெயரும் ஆண்டுகளும், தமிழருக்கு வைத்திய ஊழியர் என்னும் பட்டமும், கிறிஸ்துவே தமக்கு எல்லாம் என்னும் ஓர் அறிக்கையும். பட்டப்படிப்பை அவர் குறிக்கவில்லை, நூல்களைக் குறிக்கவில்லை. தமிழருக்கு என்பதை மாத்திரம் விடவில்லை. மானிப்பாயில் அவர் பணிசெய்த வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை எனப் பெயர் பெற்றது.