சுண்ணாம்பு நீரும் புகைபோக்கிகளும்

பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் ஒரு முறையாவது செய்து பார்த்திருக்கும் சோதனை இது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து வாயால் ஊதினால், கொஞ்ச நேரத்தில் அது பால் போல் வெளுத்துவிடும். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு, நீரில் கரைந்திருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுவதே காரணம். விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் வெண்மை மறைந்து மறுபடியும் தெளியும். கார்பனேட், நீரில் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது.

தேர்வில் இரண்டு மதிப்பெண்ணோடு முடிந்துபோகும் இந்த வினைக்குப் பின்னால் 250 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதில் மருத்துவம் உண்டு, கோர்ட் வழக்கு உண்டு, பாழாய்ப்போன ஆறுகளும் உண்டு!

ஒரு மருத்துவ மாணவரின் ஆராய்ச்சி

1750களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், சிறுநீர்ப்பையில் கல் விழுந்தவர்களுக்குச் சுண்ணாம்பு நீர் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. எந்தச் சுண்ணாம்பு நல்லது, சிப்பியில் எடுத்ததா, கல்லைச் சுட்டதா என்று அங்கே இரண்டு பேராசிரியர்களுக்குள் சண்டை. அந்த வம்பில் மாட்டாமல் இருக்க, மருத்துவ மாணவர் ஜோசப் பிளாக் மெக்னீசியம் கார்பனேட்டை ஆராயத் தொடங்கினார். சூடாக்கினால் அதன் எடை குறைந்தது. வெளியேறியது ஒரு வாயு. 1754இல் ஆய்வேடாகவும், 1756இல் விரிவான கட்டுரையாகவும் இதை அவர் எழுதினார்.

திடப்பொருளுக்குள் அடைபட்டுக் கிடந்ததால் அந்த வாயுவுக்கு 'நிலைப்பட்ட காற்று' என்று பெயர் வைத்தார். இன்றைய கார்பன் டை ஆக்சைடுதான் அது. மூச்சிலும், கரி எரியும்போதும், சாராய ஊறலிலும் அது வருகிறது என்பதைச் சுண்ணாம்பு நீர்தான் அவருக்குக் காட்டிக் கொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவைப் பிடித்து மறுபடியும் கல்லுக்குள் அடைக்க முடியும் என்பது அப்போது மிகப் புதிய செய்தி.

சோடாவும் அமிலப் புகையும்

அடுத்த கட்டம் தொழிற்சாலையில் நடந்தது. சோப்பு, கண்ணாடி, துணி ஆகிய மூன்று தொழில்களுக்கும் சோடா, அதாவது சோடியம் கார்பனேட் தேவை. பிரான்சின் நிக்கோலா லெப்ளாங்க் சாதாரண உப்பிலிருந்து அதைத் தயாரிக்கும் முறைக்கு 1791இல் காப்புரிமை பெற்றார். உப்பில் கந்தக அமிலத்தைச் சேர்ப்பது முதல் படி. அப்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். 100 கிலோ உப்புக்குச் சுமார் 62 கிலோ வாயு!

1820களில் ஜேம்ஸ் மஸ்பிராட் லிவர்பூலில் இந்தத் தொழிலைப் பெரிய அளவில் தொடங்கினார். வாயு நேராகக் காற்றில் கலந்தது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமில மூட்டமாகக் கீழே இறங்கியது. மரங்கள் பட்டுப்போயின, பயிர்கள் கருகின, இரும்பு துருப்பிடித்தது. ஊர்க்காரர்களும் நிலச்சுவான்தார்களும் வழக்குப் போட்டார்கள். முதலாளிகள் கண்ட தீர்வு, புகைபோக்கியை இன்னும் உயரமாகக் கட்டுவது! பக்கத்து வயலில் விழ வேண்டிய அமிலம் தூரத்து வயலில் விழுந்தது. அவ்வளவுதான் மாற்றம்.

கோசேஜின் கோபுரம்

வில்லியம் கோசேஜ் என்ற சோடா உற்பத்தியாளர் வேறு மாதிரி யோசித்தார். ஹைட்ரஜன் குளோரைடு நீரில் அபாரமாகக் கரையும். ஒரு லிட்டர் நீர் 400 லிட்டருக்கும் மேலான வாயுவை விழுங்கிவிடும். ஆனால் தொட்டியில் நிற்கும் நீரின் மேல் புகையை விட்டால், மேற்பரப்பில் மட்டும்தான் இரண்டும் சந்திக்கும். நீர் மெல்லிய படலமாகப் பரவ வேண்டும்.

எனவே கைவிடப்பட்ட ஒரு காற்றாலைக் கட்டடத்தில் சுள்ளிகளையும் முட்செடிகளையும் நிரப்பி, மேலிருந்து நீரைச் சொட்டவிட்டு, உள்ளே வாயுவைச் செலுத்தினார். வாயு ஏறக்குறைய முழுவதும் நீரில் கரைந்து நின்றது. 1836இல் காப்புரிமையும் கிடைத்தது.

பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. பிடித்த அமிலத்துக்கு அப்போது பெரிய சந்தை இல்லை. கோபுரம் கட்டச் செலவாகும், நீருக்கும் செலவாகும். கட்டாயம் இல்லாததால் பலர் அரைகுறையாகத்தான் செய்தார்கள். 27 ஆண்டுகள் கழித்து, 1863இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் காரச் சட்டத்தை நிறைவேற்றியது. வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும் என்று அது சொன்னது. கண்காணிக்க ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர் நியமிக்கப்பட்டார். 1872இல் வெளியான தன் நூலில் 'அமில மழை' என்ற சொல்லைப் பயன்படுத்தியவரும் இவரே. சட்டம் வந்ததும், முடியாது என்றிருந்தவர்களுக்கும் முடிந்தது!

காற்றிலிருந்து ஆற்றுக்கு

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பிடித்த அமிலத்தை என்ன செய்வது என்று அது கேட்கவில்லை. பலர் ஆற்றில் விட்டார்கள். தொழிற்சாலைக்கு வெளியே மலை போல் குவிந்திருந்த கால்சியம் சல்பைடு கழிவோடு அமிலம் சேர்ந்த இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பியது. அழுகிய முட்டை நாற்றம், அதோடு நச்சும்.

அமிலத்துக்கு மதிப்பு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1860களின் பிற்பகுதியில் வெல்டன், டீக்கன் ஆகியோரின் முறைகள் அந்த அமிலத்திலிருந்து மலிவாகக் குளோரின் எடுக்க வழி காட்டின. குளோரினை நீற்றிய சுண்ணாம்பில் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர் கிடைக்கும். துணி ஆலைகளுக்கு அது தேவைப்பட்டது. ஊரைக் கெடுத்த வாயு, சுண்ணாம்போடு சேர்ந்து விற்பனைச் சரக்கானது.

இருபதாம் நூற்றாண்டும் பிறகும்

நிலக்கரி எரியும்போது வரும் சல்பர் டை ஆக்சைடும் இதே கதைதான். 1933இல் இயங்கத் தொடங்கிய லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தில், சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்த தேம்ஸ் நீரால் புகையைக் கழுவினார்கள். கந்தகம் பெருமளவு குறைந்தது. ஆனால் கழுவிய நீர் தேம்ஸுக்கே போனது.

இன்றைய முறையில் சுண்ணாம்புக்கல் கூழைப் புகையின் மேல் தெளிக்கிறார்கள். கால்சியம் சல்பைட் உருவாகி, காற்று பட்டு ஜிப்சமாகிறது. சிமெண்டுக்கும் சுவர்ப் பலகைக்கும் அது பயன்படும். இதிலும் ஒரு கணக்கு உண்டு. 64 கிராம் சல்பர் டை ஆக்சைடு பிடிபடும்போது, கல்லிலிருந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பிளாக் கண்ட அதே 'நிலைப்பட்ட காற்று'!

இந்தியாவில் அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் சல்பர் டை ஆக்சைடு வரம்பு கொண்டுவரப்பட்டது. இரண்டு ஆண்டு அவகாசம் பலமுறை நீண்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவிக்குச் செலவு அதிகம் என்பது ஒரு தரப்பு. அந்த வாயு காற்றில் நுண்துகளாக மாறி நுரையீரலுக்குப் போகிறது என்பது மறு தரப்பு.

வாதம் எப்படி முடிந்தாலும், வாயுவைப் பிடிக்கும் வழி 1836லேயே தெரியும். செலவை யார் ஏற்பது, பிடித்ததை எங்கே போடுவது என்ற இரண்டு கேள்விகள்தான் அன்று முதல் இன்று வரை மிச்சம்.