விலைப்பட்டியலும் ஒரு வரலாற்று மூலம்தான்

"ஹிஸ்ரி படிக்கிற ஆக்களுக்கு இதெல்லாம் என்னத்துக்கு மனே? ஒரு லெப்டொப் எடுத்தாப் போதுமே."

மட்டக்களப்பு டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவரில் பிழை சொல்ல ஏலாது. நாங்கள் நாலு பேர், நாலு பேரும் கலைப்பீடம், வந்தாறுமூலையில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர்கள். 2025 தொடக்கத்தில் ஆளுக்கு 40,000 ரூபா போட்டு ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்ணுவதென்று முடிவெடுத்தோம். அது ஒருத்தருக்கும் சும்மா கிடந்த காசு இல்லை. ஒருத்தருக்கு மகாபொலவில் மிச்சம் பிடித்தது, ரெண்டு பேருக்கு டியூசன் குடுத்தது, மற்றவருக்கு அம்மாவின் சீட்டுக் காசு. பிழையான பெட்டியை வாங்கிப்போட்டு வீட்டுக்குப் போய் முகம் காட்ட முடியாது.

கடையில் ஒரு தாளில் சாமான்களின் பெயரும் விலையும் எழுதித் தந்தார்கள். புரொசெசர், மதர்போட், ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் காட், பவர் சப்ளை, கேசிங். எங்களுக்கு இலத்திரனியல் தெரியாது. தெரிந்தது ஒண்டுதான். ஒரு மூலம் கையில் கிடைத்தால், இது எப்ப எழுதப்பட்டது, யார் எழுதினது, என்ன தேவைக்கு எழுதினது என்று கேட்கப் பழக்கப்பட்டிருக்கிறோம். அந்தத் தாளிடமும் அதையே கேட்டோம்.

1981இன் ரெண்டு சம்பவம்

முதல் கேள்வி மிக அடிப்படையானது. ஒரு கொம்பியூட்டரை ஏன் துண்டு துண்டாக வாங்க முடிகிறது? ரீவியையோ பிரிட்ஜையோ யாரும் அப்படி வாங்குவதில்லை.

பதில் 1981இல் இருக்கிறது. எங்களுக்கு அது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஆண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் மட்டக்களப்பு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகி, இண்டைக்கு நாங்கள் படிக்கிற இடம் அதுதான். அது தொடங்கி 11 நாள் கழித்து, ஆகஸ்ட் 12 அன்று, நியூயோர்க்கில் ஐபிஎம் நிறுவனம் 5150 என்ற தன் பெர்சனல் கொம்பியூட்டரை வெளியிட்டது.

ஐபிஎம்முக்கு அவசரம். எல்லாவற்றையும் தானே செய்யப் போனால் வருசக்கணக்கு எடுக்கும் என்பதால் சந்தையில் கிடைத்த பாகங்களைச் சேர்த்தது. புரொசெசர் இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசொப்டுடையது. மற்றவர்களும் இதற்குக் காட் செய்து விற்கட்டும் என்று தொழில்நுட்பக் கையேட்டையும் வெளியிட்டது. அதில் ஐபிஎம் தனக்கே தனக்கென்று வைத்திருந்த முக்கியமான பொருள் பயோஸ் என்ற சின்ன நிரல்தான். அதன் வரிகள் கையேட்டில் அச்சாகியிருந்தன, ஆனால் காப்புரிமை ஐபிஎம்முடையது. கொம்பாக் நிறுவனம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு குழு அந்த நிரல் என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அசல் வரிகளைக் கண்ணாலும் காணாத இன்னொரு குழு அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. 1982 நவம்பரில் கொம்பாக்கின் மெசின் அறிவிக்கப்பட்டது. 1984இல் பீனிக்ஸ் என்ற நிறுவனம் இதே மாதிரி எழுதிய பயோஸை யாருக்கும் விற்கத் தொடங்கியது. அதோடு பூட்டு உடைந்தது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுத்திட்டத்தைக் கொண்டுவந்தது. மதர்போட்டில் ஆணித்துளை எங்க இருக்க வேண்டும், பவர் சப்ளை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்தது. முப்பது வருசம் கழிந்தும் எங்கட கேசிங்கின் துளைகள் அந்தக் கணக்கில்தான் கிடக்கின்றன.

ஆகவே "பாகம் தெரிவு செய்தல்" என்பது இயல்பாக வந்த உரிமை இல்லை. ஒரு நிறுவனத்தின் அவசரத்தாலும் மற்ற நிறுவனங்களின் கெட்டித்தனத்தாலும் கிடைத்தது. கிராபிக்ஸ் சிப்பும் பல நேரம் ராமும் போட்டோடு ஒட்டிவரும் லெப்டொப்பில் அந்த உரிமை பெரும்பாலும் இல்லை. கடைக்கார அண்ணனுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

பாதையில வந்த மொனிட்டர்

1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவுப் புரொசெசரை உலகம் முழுக்கக் கேம் விளையாடுகிறவர்கள் இன்றும் மறக்கவில்லை. மதர்போட்டின் பஸ் வேகத்தை 66இல் இருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹேர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது. குறைந்த காசில் கூடிய வேகம் எடுக்கும் பழக்கம் பெரிதாகப் பரவியது அந்தக் காலத்தில்தான்.

அதே காலத்தில் எங்கட வாவியின் ரெண்டு கரையும் ரெண்டு ஆட்சியில் இருந்தது. எழுவான்கரை பெரும்பாலும் இராணுவத்திடம், படுவான்கரை பெரும்பாலும் புலிகளிடம். நடுவில் சோதனைச்சாவடி. எரிபொருள், சீமெந்து, பற்றரி போன்றவற்றைக் கொண்டுபோகக் கட்டுப்பாடு. டோர்ச்சுக்கே பற்றரி கிடைக்காத இடத்தில் பஸ் வேகத்தை யார் கூட்டுவது?

எங்களில் ஒருத்தருக்கு ஊர் படுவான்கரை. போர் முடிந்த பிறகு அவருடைய அக்காவுக்கு வாங்கிய முதல் கொம்பியூட்டர், மண்முனைத்துறையில் பாதையில் ஏற்றித்தான் வீட்டுக்கு வந்தது. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அந்தக் கனத்த பழைய மொனிட்டருக்குத் தலையணை சுற்றி அப்பா மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். அந்த மெசினில் பழுதான எதையும் அவர்கள் எறியவில்லை. கழற்றி வைத்தார்கள், வேறு ஒன்றுக்குப் போட்டார்கள். எங்கட புது மெசினின் கீபோட்டும் பவர் கேபிளும் அந்த வீட்டுப் பெட்டியில் இருந்து வந்தவை.

329 டொலரின் கதை

பட்டியலில் கூடிய விலை கிராபிக்ஸ் காட்டுக்கு. அதைப் பார்த்து நாலு பேரும் கொஞ்ச நேரம் கதைக்காமல் இருந்தோம்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 காட் 2021 அக்டோபரில் வெளிவந்தபோது அறிவித்த விலை 329 டொலர். அப்போது டொலர் கிட்டத்தட்ட 200 ரூபா, அதாவது 65,800 ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். மே மாதம் ஆகும்போது டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. அதே 329 டொலர் இப்ப 1,18,440 ரூபா. வரியும் கடை இலாபமும் இதில் சேரவில்லை. காட்டில் ஒரு டிரான்சிஸ்டர்கூடக் கூடவில்லை.

அதே மாதங்களில்தான் நாங்கள் 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்தோம். மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. பிறகு மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் கூட்டப்பட்டது. பின்னர் குறைத்தார்கள்தான், ஆனால் வீட்டுக்காரர் பில்லைக் காட்டிக் கதைக்கிற பழக்கம் குறையவில்லை.

உலகத்தில் வேறு ஒரு கதை நடந்தது. எத்தேரியம் நாணயத்தைத் தோண்ட ஆயிரக்கணக்கான காட்களை இரவு பகலாக ஓடவிட்டிருந்தவர்களுக்கு, 2022 செப்டெம்பர் 15 அன்று அந்த வேலை இல்லாமல் போனது. எத்தேரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அந்தக் காட்கள் செகண்ட் ஹாண்ட் சந்தையில் வந்து கொட்டின. எங்களைப்போல ஆக்களுக்கு அது வாசல், பொறியும் அதுதான்.

ஸ்டிக்கரை நம்பலாமா?

வரலாற்றுப் பாடத்தில் மூலத்தை ரெண்டு விதமாகச் சோதிக்கச் சொல்லித் தருவார்கள். புறத்தே இது உண்மையான ஆவணமா என்று பார்ப்பது ஒன்று. அகத்தே அது சொல்வது நம்பத்தக்கதா என்று பார்ப்பது மற்றது.

முதலில் எங்களுக்கு மலிவாகக் கிடைத்தது ஒரு பாவித்த ஆர்எக்ஸ் 580. விற்றவர் நல்ல மாதிரித்தான் கதைத்தார். நாங்கள் அவருடைய மெசினில் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். ஷேடர் எண்ணிக்கை 2048 என்று காட்டியது. 2017இல் வெளிவந்த உண்மையான 580க்கு 2304 இருக்க வேண்டும். 2018இல் சீனச் சந்தைக்கென்று 580 2048எஸ்பி என்று ஒன்று விட்டார்கள். பெயர் 580, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 570. விற்றவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம். "யோசிச்சுச் சொல்லுறம் அண்ணன்" என்று எழும்பி வந்துவிட்டோம்.

ரெண்டாவது சோதனை பவர் சப்ளைக்கு. மலிவான ஒன்றில் பெரிதாக 500 வாட்ஸ் என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருக்கிற சின்ன அட்டவணையை வாசித்தால் 12 வோல்ட் வரிசைக்கு 20 அம்பியர்தான். பெருக்கினால் 240 வாட்ஸ். புரொசெசரும் கிராபிக்ஸ் காட்டும் தின்கிறது அந்த 12 வோல்ட்டில் இருந்துதான். முன்பக்கம் சொன்ன பொய்யைப் பக்கவாட்டு அட்டவணையே ஒப்புக்கொள்கிறது. எந்த ஆவணத்திலும் சின்ன எழுத்தை முதலில் வாசிக்க வேண்டும்.

எங்கட பக்கம் இதில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. மாரியில் இடி மின்னல், கரண்ட் ஏறி இறங்கும், வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற வீடுகளில் உப்புக்காற்று ஆணியைக்கூடத் தின்னும். பவர் சப்ளை செத்தால் தனியே சாகாது, பக்கத்தில் உள்ளதையும் கூட்டிக்கொண்டு போகலாம். வொரண்டிக்குக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றால் போகவர ஒவ்வொரு பக்கமும் முந்நூறு கிலோமீற்றர்.

என்ன வாங்கினோம், எங்க பிழைத்தோம்

மொத்தக் காசில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கிராபிக்ஸ் காட்டுக்கும், பத்தில் ஒரு பங்கைப் பவர் சப்ளைக்கும் ஒதுக்கினோம். கண்ணாடிக் கேசிங், கலர் லைட் ரெண்டையும் வெட்டினோம். அதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்கச் சண்டை.

காட், கடைசியில் ஒரு பாவித்த ஆர்எக்ஸ் 6600. அது கேட்கிறது 132 வாட்ஸ், 580 கேட்கிறது 185. ஒவ்வொரு நாளும் விளையாடினால் மின்பில்லில் வித்தியாசம் தெரியும்.

புரொசெசர் ரைசன் 5 5600, மதர்போட் பி450. இதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2017இல் இன்டெல் தன் எட்டாம் தலைமுறைச் சிப்பை விட்டபோது சொக்கெட்டில் அதே 1151 முனைதான், ஆனாலும் பழைய போட்களில் ஓடவிடவில்லை. ஏஎம்டியும் 2020இல் பி450 போட்டுக்குப் புதுச் சிப் இல்லை என்றுதான் முதலில் சொன்னது. பாவனையாளர்கள் கத்தின கத்தில் அதே மே மாதத்திலேயே முடிவை மாற்றியது. அதனால்தான் 2018இல் அறிமுகமான ஒரு போட்டில் 2022இன் புரொசெசர் எங்கட மேசையில் ஓடுகிறது. ஒண்டு கவனிக்க வேண்டும். பழைய இருப்பில் உள்ள பி450 என்றால் பயோஸை அப்டேட் பண்ணித் தரச்சொல்லிக் கடையிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் வெறும் கறுப்புத் திரைதான். 5600இல் கிராபிக்ஸ் உள்ளே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். காட் பிந்தி வாங்கலாம் என்று நினைக்கிறவர்கள் 5600ஜி பக்கம் பாருங்கள்.

இனி எங்கட பிழை. ராமை 8 ஜிபி ரெண்டாகப் போட வேண்டும் என்று தெரியும். ரெண்டு துண்டு இருந்தால் புரொசெசருக்கு ரெண்டு வழி, கேமில் அது நன்றாகத் தெரியும். காசு முட்டியதால் "ஒண்டை இப்ப போடுவம், மற்றதை வருசக் கடைசியில பாப்பம்" என்று விட்டோம். ராம் எப்பவும் மலிவுதானே என்ற எண்ணம். வருசக் கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சிப்பை அள்ளிக்கொண்டு போக, உலகம் முழுக்க ராம் விலை ஏறியது. டொலரையும் எத்தேரியத்தையும் பார்த்த பிறகும், "நாளைக்கும் இதே விலைதான்" என்று நம்பியிருந்திருக்கிறோம். வரலாறு படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான்.

மெசின் ஓடுகிறது. இரவில் முறை வைத்து விளையாடுகிறோம், பகலில் ஆய்வுக் கட்டுரை தட்டுகிறோம். மதர்போட்டில் ஒரு ராம் துளை இன்னும் காலியாகத்தான் கிடக்கு. சீட்டுக் காசு போட்ட அம்மா போன கிழமை வந்து பார்த்துவிட்டு, "லைட் ஒண்டும் எரியல்ல, வேல செய்யுதா?" என்று கேட்டார். செய்யுது என்று போட்டுக் காட்டினோம்.

உங்களில் யாராவது பிசி அடிக்க யோசித்தால், கடையில் தந்த தாளோடு வாங்க. சேர்ந்திருந்து சின்ன எழுத்தை வாசிப்பம்.